தோட்டத்துக்கு சிமெண்ட் அலங்காரப் பொருட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலைத் தட்டு, பறவைகள் குளிக்கும் தொட்டி, ஆமை, காளான், மரக்கட்டை மாதிரி ஒரு இருக்கை. இவற்றை வீட்டு வாசலிலோ மாடியிலோ செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கொத்தனார் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும்: கலக்கும்போது குறைவாக, இறுகிய பிறகு தாராளமாக. கீழே உள்ள பல பதில்கள் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வரும், ஏனென்றால் இந்த வேலையில் கெட்டுப்போகிற பொருட்களில் பாதிக்கு மேல் இதை மாற்றிச் செய்ததால்தான் கெடுகின்றன.

முதன்முதலில் செய்கிறேன். எதில் ஆரம்பிப்பது?

சேம்பு இலையை அச்சாக வைத்துச் செய்யும் தட்டில் ஆரம்பியுங்கள். அச்சுக்குச் செலவில்லை, கம்பி வேண்டாம், ஒரு அடி அகல இலைக்கு ஒரு கிலோ சிமெண்ட் தாராளம். ஹார்டுவேர் கடைகளில் சிமெண்டைக் கிலோக் கணக்கில் சில்லறையாகத் தருவார்கள், மூட்டை வாங்க வேண்டாம். இரண்டாவதாக, ஒரு பெரிய டப்பாவுக்குள் சின்ன டப்பாவை வைத்து நடுவில் கலவையை நிரப்பி ஒரு பூந்தொட்டி செய்யலாம். கொக்கு, மான், யானை எல்லாம் அப்புறம். கலவை எந்தப் பதத்தில் நிற்கும், எவ்வளவு நேரத்தில் இறுகும் என்பது விரலுக்குப் பழகுவதற்கு முன் உருவ வேலையில் இறங்கினால், பூசப் பூசக் கலவை சரிந்து விழும், மனது விட்டுப்போகும்.

எந்த சிமெண்ட் வாங்குவது?

கடையில் கிடைப்பது இரண்டு வகை. ஓபிசி என்பது வேறெதுவும் பெரிதாகக் கலக்காத சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட். பிபிசி என்பது பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்தது. ஓபிசி மூட்டையில் 43, 53 என்று போட்டிருப்பது 28 நாள் கழித்து அந்த சிமெண்ட் தாங்கும் அழுத்தத்தின் அளவு. தோட்டப் பொருளுக்கு எதுவானாலும் சரி. ஓபிசியில் அச்சைச் சீக்கிரம் கழற்றலாம். பிபிசி மெதுவாக வலுப்பெறும், ஆனால் மேற்பரப்பு வழவழப்பாக வரும், பிறகு வெள்ளை உப்பு பூப்பதும் குறைவு. அவசரம் இல்லையென்றால் பிபிசியையே சொல்வேன்.

வெளிர் நிறமோ பளிச்சென்ற வண்ணமோ வேண்டுமானால் வெள்ளை சிமெண்ட். விலை கூடுதல் என்பதால் உள்பூச்சைச் சாதாரண சிமெண்டில் முடித்து, மேல்பூச்சுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். வீடு கட்டி மிஞ்சிய பழைய மூட்டை இருந்தால் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். மாவு மாதிரி விரலிடுக்கில் வழிந்தால் நல்லது. கட்டியை விரலால் நசுக்கியும் உடையவில்லையென்றால் அது காற்றின் ஈரத்தில் ஏற்கெனவே இறுகிவிட்டது, சலித்துப் பயன்படுத்தினாலும் வலு வராது.

ஆற்று மணல் கிடைக்கவில்லை. எம்-சாண்ட் போதுமா?

போதும். எம்-சாண்ட் என்பது கல்லை உடைத்துப் பொடித்துச் செய்யும் மணல். அதிலேயே பூச்சு வேலைக்கென்று நைசாகச் சலித்த பி-சாண்ட் விற்கிறார்கள், இந்த வேலைக்கு அது இன்னும் பொருத்தம். கல் பொடியில் இருக்கும் நைசான தூசி அதிகமானால் தண்ணீரை அது குடித்துவிடும், நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள், பிறகு விரிசல் வரும். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேல் படியும் வண்டல் மணல் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் கழுவிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், வெளியே பூத்துக்கொண்டும் இருக்கும்.

கலவை அளவு என்ன?

இலைத் தட்டு, தொட்டி, சிறு உருவங்கள்: ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு மணல். பருமனான அடிப்பீடம், நடைபாதைக் கல்: ஒரு பங்குக்கு மூன்று பங்கு, கனம் இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் கூடவே சிப்ஸ் ஜல்லி (பொடி ஜல்லி) இரண்டு பங்கு. ஒரே டப்பாவால் அளந்தால் போதும். சிமெண்டைக் கூட்டினால் வலுவும் கூடும் என்று நினைத்து ஒன்றுக்கு ஒன்று கலப்பவர்கள் உண்டு. சிமெண்ட் அதிகமான கலவை காயும்போது அதிகமாகச் சுருங்கும், மேலெல்லாம் சிலந்தி வலை மாதிரி மயிரிழை விரிசல் விழும்.

சிமெண்டையும் மணலையும் தண்ணீர் இல்லாமல் ஒரே நிறமாகும் வரை முதலில் கலந்துவிடுங்கள்.

தண்ணீர் எவ்வளவு ஊற்றுவது? ஆளுக்கொரு அளவு சொல்கிறார்களே?

மணலின் ஈரத்தைப் பொறுத்து மாறும் என்பதால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கணக்கு இதுதான்: ஒரு கிலோ சிமெண்டுக்குச் சுமார் 400 முதல் 450 மில்லி. சிமெண்ட் முழுமையாக வினைபுரிய ஏறக்குறைய 400 மில்லி போதும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் கலக்க வசதிக்குத்தான். அந்தத் தண்ணீர் பிறகு ஆவியாகிப் போகும்போது கலவைக்குள் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும். மழைநீர் உள்ளே போவதும், உப்பு வெளியே வருவதும், கம்பி துருப்பிடிப்பதும் அந்தத் துளைகள் வழியாகத்தான். பாதித் தண்ணீரை முதலில் ஊற்றிப் பிசைந்து, மீதியைக் கையால் தெளித்துத் தெளித்துச் சேருங்கள்.

பதம் பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்தி உருட்டுங்கள். உருண்டை உதிராமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது, உள்ளங்கையில் லேசான பளபளப்பு மட்டும் தெரிய வேண்டும். இலைத் தட்டுக்கும் உருவங்களுக்கும் இந்தப் பதம். அச்சில் ஊற்ற வேண்டிய கலவை இன்னும் கொஞ்சம் இளகலாக வேண்டும். அதற்குத் தண்ணீரைக் கூட்டாமல், கட்டுமானக் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிசைசரை டப்பாவில் சொன்ன அளவுக்குச் சேர்ப்பது நல்லது.

கலந்ததை முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். இறுக ஆரம்பித்த கலவையில் மறுபடி தண்ணீர் விட்டுப் பிசைந்தால் பார்வைக்கு இளகும், வலு திரும்ப வராது.

கோயில் சுதை வேலையில் வெல்லம், கடுக்காய் சேர்ப்பார்களாமே, சிமெண்டிலும் சேர்க்கலாமா?

கூடவே கூடாது. அது சுண்ணாம்புச் சாந்துக்கு உரிய முறை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகுவது. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுவது, சர்க்கரை அந்த வினையையே தடுத்துவிடும். சிமெண்ட் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சர்க்கரை சேர்ந்தாலே இறுகுவது வெகுநேரம் தள்ளிப்போகும். வெல்லப்பாகு இருந்த வாளியில் கலவை போடுவதைக்கூடத் தவிர்க்க வேண்டும்.

ஆனால் சுதைக்காரர்களிடம் எடுத்துக்கொள்ள வேறு நிறைய இருக்கிறது. செங்கலை வைத்து உள்ளுருவம் கட்டி, அதன்மேல் சொரசொரப்பாக ஒரு பூச்சு, அதற்குப் பிறகு நைசான பூச்சு, கடைசியில் நகை, விரல், கண் என்று நுணுக்கம். இந்த வரிசை சிமெண்டுக்கும் அப்படியே பொருந்தும். கோபுரத் திருப்பணி நடக்கும் இடத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்க்க வாய்த்தால் விடாதீர்கள்.

இலைத் தட்டு எப்படிச் செய்வது?

சேம்பு, தேக்கு, பூசணி, ஆமணக்கு, பப்பாளி, தாமரை எல்லாம் சரிவரும். நரம்பு புடைத்திருக்கும் இலையாகப் பாருங்கள். முதிர்ந்ததாக இருக்கட்டும், இளசு கனம் தாங்காமல் நசுங்கும். சேம்பின் சாறு அரிக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள்.

நிழலான இடத்தில் ஈர மணலைக் குவித்து, தட்டு எவ்வளவு குழிவாக வேண்டுமோ அந்த அளவுக்கு மேடாகத் தட்டிக்கொள்ளுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். அதன்மேல் இலையின் அடிப்பக்கம் உங்களைப் பார்க்கும்படி வைத்து, காம்பை ஒட்ட நறுக்கிவிடுங்கள். அடிப்பக்கத்தில்தான் நரம்பு புடைத்திருக்கும், அதுதான் சிமெண்டில் பதியும். எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம்.

நடுவில் ஒரு பிடிக் கலவையை வைத்து விரல் நுனியால் தட்டித் தட்டி வெளிப்பக்கமாகப் பரப்புங்கள். தேய்த்து இழுத்தால் இலை நகர்ந்து பதிவு இரட்டையாக விழும். நடுவில் முக்கால் அங்குலம், விளிம்பில் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாதிக் கனம் வந்ததும் பூச்சு வேலைக்கு விற்கும் நைலான் வலையையோ ஃபைபர் வலையையோ ஒரு துண்டு வைத்து, மீதிக் கலவையால் மூடுங்கள். விளிம்பில்தான் பொருளின் அழகே இருக்கிறது. இலையின் ஓரத்தைத் தாண்டி வழிந்த கலவையை ஈர விரலால் உள்பக்கமாக ஒதுக்கிவிட்டால் இலையின் வளைவும் வெட்டும் அப்படியே வரும். தட்டு ஆடாமல் நிற்க, உச்சியில் வட்டமாக ஒரு சின்னத் திட்டு வைத்துச் சமன் செய்யுங்கள், திருப்பியதும் அதுதான் கால்.

பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள், பிபிசி என்றால் ஒன்றரை நாள். பிறகு மெல்லத் தூக்கித் திருப்பி இலையை உரியுங்கள். ஒரே இழுப்பில் வந்துவிடும். நரம்போரத்தில் பச்சையாக ஒட்டியிருப்பதைக் கிளறாதீர்கள், அது தானாக மக்கிப் போகும். உரித்தவுடன் சிமெண்ட் இன்னும் மென்மையாகத்தான் இருக்கும், நகம் பட்டாலே கீறல் விழும்.

வேறு எவற்றை அச்சாக வைக்கலாம்? ஒட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன தடவுவது?

பிளாஸ்டிக் கிண்ணம், பால் பாக்கெட், பந்து, பிவிசி பைப் துண்டு, அட்டைப்பெட்டி, பழைய கேக் பாத்திரம். அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம். ஈர சிமெண்டின் காரம் அலுமினியத்தோடு வினைபுரிந்து வாயுவைக் கிளப்பும், பாத்திரமும் வீணாகும், பொருளும் பொறிந்துபோகும். பளபளப்பான பிளாஸ்டிக்கில் வார்த்தால் சிமெண்டும் பளபளக்கும், சொரசொரப்பான அச்சில் சொரசொரப்பாக வரும்.

பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும் சமையல் எண்ணெய் மெல்லிசாக ஒரு பூச்சு. பழைய என்ஜின் ஆயிலைக் கட்டுமான வேலையில் தடவுவார்கள், ஆனால் பொருளில் கறை நிற்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்கு வாசலின்.

ஒரே உருவத்தைப் பல தடவை வார்க்க வேண்டும் என்றால் ரப்பர் பால் அச்சு நல்லது. மூல உருவத்தின்மேல் பதப்படுத்திய ரப்பர் பாலைப் பிரஷ்ஷால் பூசி, காய்ந்ததும் மறுபடி பூசி, போதுமான தடிமன் வரும் வரை தொடர வேண்டும். வெளியே தாங்கலுக்குப் பிளாஸ்டரில் ஒரு கூடு. இந்த அச்சுக்கு எண்ணெய் ஆகாது, ரப்பர் உப்பி இளகிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். சிலிக்கான் அச்சுக்கு எதுவுமே தடவ வேண்டாம், விலைதான் அதிகம்.

வார்த்த பொருளில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. ஏன்?

காற்றுக் குமிழி. அச்சின் உட்புறம் முதலில் சிமெண்ட் பாலை (தண்ணீரில் பால் மாதிரி கரைத்த வெறும் சிமெண்ட்) பிரஷ்ஷால் தடவிக்கொண்டு, பிறகு கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் அச்சின் பக்கங்களில் மரக்கட்டையால் தட்டுங்கள். மேலே குமிழி வருவது நிற்கும் வரை தட்டலாம். விழுந்த ஓட்டைகளை அதே சிமெண்டைக் குழைத்து விரலால் அழுத்தி நிரப்பிவிடலாம். நடைபாதைக் கல்லில், காளானில் அவற்றை அப்படியே விட்டுவிடுவது எனக்குப் பிடிக்கும், பாசி அங்கேதான் முதலில் பிடிக்கும்.

எத்தனை நாள் நனைக்க வேண்டும்? காய்ந்தால்தானே கெட்டியாகும்?

காய்ந்தால் கெட்டியாகும் என்பதுதான் இந்த வேலையில் அதிகம் கெடுதல் செய்யும் நம்பிக்கை. மண் பொம்மை காய்ந்து கெட்டியாகிறது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து புதுப் பொருளாக மாறி இறுகுகிறது. ஈரம் போய்விட்டால் அந்த மாற்றம் பாதியில் நின்றுவிடும். பார்க்க இறுகியதுபோல் இருக்கும், ஆனால் சுரண்டினால் பொடி உதிரும், ஒரு வருஷ வெயில் மழைக்கு விளிம்பெல்லாம் தேய்ந்துபோகும்.

கட்டுமான விதிகள் சொல்வது ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள், பிபிசிக்கு 10 நாள். மெல்லிய தோட்டப் பொருள் கட்டடச் சுவரைவிடச் சீக்கிரம் ஈரத்தை இழக்கும், அதனால் நீங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிறிய பொருள் என்றால் அச்சிலிருந்து எடுத்த மறுநாள் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மூழ்க வைத்துவிடுங்கள். இதைவிட நல்ல வழி இல்லை. பெரிய பொருளை ஈரக் கோணியால் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்திக் கட்டுங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தண்ணீர் தெளித்துவிட்டு வெயிலில் விட்டால் அது நனைத்ததாகக் கணக்கில்லை, இடையில் முழுக்கக் காய்ந்திருக்கும்.

ஒரு வாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலு வரும். முழு வலுவுக்கு 28 நாள் கணக்கு. நனைத்து முடித்த பிறகு நிழலில் மெதுவாகக் காய விடுங்கள்.

கத்திரி வெயில் நாட்களில் மதியம் கலவை போட வேண்டாம். சூடான காற்று முதல் இரண்டு மணி நேரத்திலேயே மேல் ஈரத்தை உறிஞ்சி விரிசலை உண்டாக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை இந்த வேலைக்கு அருமையான மாதங்கள், முதல் நாள் மட்டும் மழை நேரடியாக விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உள்ளே கம்பி கட்டாயமா?

தட்டு, சின்னத் தொட்டி, கல் இவற்றுக்கு வலை போதும். நீண்ட கழுத்து, கால், கிளை, மூன்றடிக்கு மேல் உயரம் என்றால் கம்பி வேண்டும். சிமெண்ட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுப்பைத் தாங்கத்தான் இரும்பு.

கம்பி கட்டிய சிமெண்டுக்குத் தோட்டத்தோடு நேரடி உறவே உண்டு. பிரான்ஸில் ஜோசப் மோனியர் என்ற தோட்டக்காரர் செடித்தொட்டிகள் உடைந்துகொண்டே இருந்ததால் இரும்புக் கம்பி வலையைச் சுற்றி சிமெண்டைப் பூசிப் பார்த்தார். 1867ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு குழாய், தண்ணீர்த் தொட்டி, பாலம் என்று அவருடைய காப்புரிமைகள் நீண்டன. இன்று நம் வீட்டுக் கூரையைத் தாங்கும் முறையின் ஆரம்பங்களில் ஒன்று ஒரு பூந்தொட்டி.

ஆமை மாதிரி ஒரு உருவத்தைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

ஆமை நல்ல தேர்வு, சாய்ந்து விழாது. உடைந்த செங்கல்லைக் குவித்துக் கலவையால் பிணைத்து ஓட்டின் உள்மேடு கட்டுங்கள். எடை குறைய வேண்டும் என்றால் செங்கல்லுக்குப் பதில் தெர்மாகோல். அதன்மேல் கோழி வலையை இரண்டு மடிப்பாகப் போர்த்தி, தலைக்கும் கால்களுக்கும் 6 மில்லிமீட்டர் கம்பித் துண்டுகளைக் கட்டுக்கம்பியால் வலையோடு இறுக்கிக் கட்டுங்கள். கையால் ஆட்டிப் பார்த்தால் அசையக் கூடாது. அசையும் கம்பிமேல் எவ்வளவு பூசினாலும் அந்த இடத்தில் விரிசல் வந்தே தீரும்.

முதல் பூச்சு ஒன்றுக்கு இரண்டு, கெட்டியான பதம். வலைக்குள் புகும்படி கட்டைவிரலால் அழுத்திப் பூசி, மேலே ஆணியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு, ஈரத் துணி போட்டு ஒரு நாள் விடுங்கள். மறுநாள் சிமெண்ட் பால் தடவி, சலித்த மணலில் ஒன்றுக்கு இரண்டரை என்று இரண்டாம் பூச்சு. வெளிப்பூச்சு உள்பூச்சைவிட சிமெண்ட் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது அதிகமாகச் சுருங்கித் தோல் உரிவதுபோல் உரியும்.

நுணுக்கம் செதுக்கப் பொறுமை வேண்டும். பூசியதும் கட்டம் போட்டால் கோடு குழைந்து மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, விரல் அழுத்தினால் ரேகை மட்டும் பதியும் நிலை வரும். அப்போது கரண்டிக் காம்பால் ஓட்டின் அறுகோணங்களை வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் துடைப்ப ஈர்க்கால் உள்ளுக்குள் உள்ளாக வளையங்கள் இழுங்கள். உதிரும் பொடியை ஊதாமல் உலர்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷால் தள்ளிவிடுங்கள். கழுத்துச் சுருக்கத்துக்குக் கசக்கிய பிளாஸ்டிக் தாளை ஒற்றி எடுத்தால் போதும், அசல் தோல் மாதிரியே வரும். கண்ணுக்கு ஒரு கண்ணாடிக் கோலி.

கம்பிக்கு மேல் எந்த இடத்திலும் அரை அங்குலத்துக்குக் குறையாமல் கலவை இருக்கட்டும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், உள்ளிருந்தே பிளந்துவிடும்.

பூங்காக்களில் மரத்தண்டு மாதிரி சிமெண்ட் பெஞ்சு இருக்கிறதே, அந்த மரப்பட்டை எப்படி வருகிறது?

பாரிஸில் 1867ல் திறந்த பூட்-ஷோமோன் பூங்காவில் கைப்பிடிகளை மரக்கிளை மாதிரி சிமெண்டில் செய்திருக்கிறார்கள். நம்மூர்ப் பூங்காக்களில் பார்க்கும் தண்டு பெஞ்சும் அதே வழியில் வந்த வேலைதான். மேல்பூச்சு அரை இறுகலாக இருக்கும்போது கம்பி பிரஷ்ஷால் நீளவாக்கில் இழுத்தால் நார் மாதிரி கோடு வரும். உடைந்த ஹாக்ஸா பிளேடின் பல் ஆழமான பிளவுகளுக்கு. கணுவுக்கு ஒரு உருண்டையை ஒட்டி, அதைச் சுற்றிக் கோடுகளை வளைத்துக் கொண்டுபோக வேண்டும். உண்மையான மரத்தில் நார் கணுவை விலகிச் சுற்றித்தான் போகும். இந்த ஒன்றைக் கவனித்தவர் செய்த மரம் நம்ப வைக்கும். வெட்டுமுகத்தில் ஆண்டு வளையங்களைச் சரியான வட்டமாகப் போடாமல் ஒருபக்கம் நெருங்கியும் ஒருபக்கம் விலகியும் போடுங்கள்.

மாடியில் வைக்க எடை குறைந்ததாகச் செய்ய முடியுமா?

சாதாரணக் கலவை ஒரு லிட்டர் அளவுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் எடை வரும். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு தென்னைநார்க் கழிவு, ஒன்றரைப் பங்கு பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல் மணிகள்) சேர்த்தால் நன்றாக எடை குறையும், கல் மாதிரி கரடுமுரடான அழகும் வரும். மேலை நாடுகளில் மலைச்செடிகளுக்காகக் கல் தொட்டியைப் போலச் செய்ய ஆரம்பித்த முறை இது. அங்கே போடும் பீட் பாசிக்குப் பதில் நமக்குக் கைக்கருகில் இருப்பது நார்க்கழிவு. அதை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, பிழிந்து, சலித்துப் போடுங்கள். அலசாமல் போட்டால் உப்பும் சாறும் இறுகுவதைத் தாமதப்படுத்தும். சுவர் கனம் ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

எடையுள்ள பொருளை மாடி நடுவில் குவிக்காமல் சுவரும் பீமும் போகும் ஓரங்களில் வையுங்கள். பழைய வீடு என்றால் பொறியாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பழைய துண்டை நனைத்துத் தொட்டி செய்வது உறுதியாக இருக்குமா?

நன்றாக இருக்கும், மடிப்பெல்லாம் அப்படியே நிற்கும். தடிமனான குளியல் துண்டைக் கஞ்சிப் பதத்து சிமெண்டில் முழுக்க ஊற வைத்து, வழித்துவிட்டு, பிளாஸ்டிக் தாள் சுற்றிய கவிழ்த்த வாளிமேல் போர்த்துங்கள். மறுநாள் வெளியிலும், எடுத்த பிறகு உள்ளேயும் கெட்டியான கலவையைப் பிரஷ்ஷால் இரண்டு கைப் பூச்சு ஏற்றுங்கள். அது இல்லாமல் விட்டால் வெறும் துணி ஓடுதான், ஒரு இடி தாங்காது.

நிறம் எப்படிச் சேர்ப்பது? பெயிண்ட் அடித்தால் உரிந்துவிடுகிறதே?

கலவையிலேயே நிறம் சேர்ப்பதுதான் நிலைக்கும். சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆக்சைடு பொடிகள் கடைகளில் கிடைக்கும். செட்டிநாட்டு வீடுகளின் சிவப்புத் தரைக்குப் போட்டதும் இந்த இரும்பு ஆக்சைடுதான், வெயிலில் வெளுக்காது. சிமெண்ட் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு போதும், பத்தைத் தாண்டினால் வலு குறையும். காய்ந்த சிமெண்டோடு முதலில் கலந்துவிடுங்கள்.

பெயிண்ட் என்றால் 28 நாள் காத்திருந்து, வெளிச்சுவருக்கான பிரைமர், அதன்மேல் எமல்ஷன். எனாமல் உரிவதற்குக் காரணம், புது சிமெண்டின் காரம் அதிலுள்ள எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடுவது.

எனக்கு மிகவும் பிடித்தது அன்னபேதி. அதுதான் இரும்பு சல்பேட். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கைப்பிடி கரைத்து, நன்றாக இறுகிய பொருளின்மேல் பிரஷ்ஷால் தடவினால் முதலில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரத்தில் பச்சை கலந்த மஞ்சளாகி, பிறகு மெல்லச் செம்பழுப்பாக மாறும். குழியில் அடர்த்தியாகவும் மேட்டில் வெளிறியும் நிற்பதால் இலை நரம்பு தெளிவாக எழும்பி வரும். தரையில் பட்டால் கறை போகாது, கீழே தாள் விரித்துக்கொள்ளுங்கள்.

மான், வாத்து எல்லாவற்றையும் பளீரென்ற எனாமலில் முக்கி எடுப்பதைவிட, சிமெண்டின் சாம்பல் நிறத்தையும் மழை தரும் கறையையும் நம்பி விடுவது தோட்டத்துக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

உடைந்த டைல்ஸ், வளையல் பதிக்கலாமா?

தாராளமாக. சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் 1957ல் யாருக்கும் தெரியாமல் ஆரம்பித்து, உடைந்த வளையல், பீங்கான், கட்டடக் கழிவு, சிமெண்ட் இவற்றாலேயே ஒரு பெரிய சிற்பத் தோட்டத்தை உருவாக்கினார். 1976ல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. துண்டுகளை நனைத்து, மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே பாதி ஆழத்துக்கு அழுத்துங்கள். கூர்முனை வெளியே நீட்டக் கூடாது.

வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. கெட்டுப்போனதா?

கெடவில்லை. உள்ளிருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து காற்றுபட்டு வெள்ளைப் படிவமாகிறது. உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, வினிகரில் ஐந்து மடங்கு தண்ணீர் கலந்து துடைத்துக் கழுவுங்கள். ஒன்றிரண்டு மழைக்காலத்தில் தானாகவே குறையும். போர்த் தண்ணீரிலேயே உப்பு அதிகம் என்றால் கலக்கவும் நனைக்கவும் மழைநீரையோ குடிநீரையோ பயன்படுத்திப் பாருங்கள்.

புதுத் தொட்டியில் உடனே செடி வைக்கலாமா? மீன் விடலாமா?

புது சிமெண்டின் காரம் வேரையும் மீனையும் பாதிக்கும். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி, சில நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றுங்கள். காரம் போய்விட்டதா என்று பார்க்க மஞ்சள்தூள் போதும். இரண்டு நாள் தொட்டியில் நின்ற தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து மஞ்சளில் குழைத்துப் பாருங்கள். செம்பழுப்பாக மாறினால் இன்னும் சுண்ணாம்பு இறங்குகிறது, மஞ்சளாகவே இருந்தால் சரி. ஆரத்தி கரைக்கும்போது நடக்கும் அதே மாற்றம்தான். மீன் தொட்டிக்கு இதோடு நிற்காமல், மீன் கடையில் விற்கும் பிஎச் சோதனையும் செய்துவிடுங்கள். செடித்தொட்டியின் அடியில் துளை வார்க்கும்போதே விட வேண்டும், ஒரு பைப் துண்டை நிறுத்தி வைத்தால் போதும்.

பறவைத் தொட்டி எவ்வளவு ஆழம்? கொசு வராதா?

விளிம்பிலிருந்து மெல்லச் சரிந்து நடுவில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். உட்புறத்தை வழவழப்பாக்கக் கூடாது, பறவையின் கால் வழுக்கும். பெயிண்டும் வேண்டாம். கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டு, உட்புறத்தைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி நிரப்பினால் கொசு வராது. முட்டை பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும், அதனால் தேய்ப்பதை விடக் கூடாது.

வெறும் கையால் கலவையைத் தொடலாமா?

வேண்டாம். ஈர சிமெண்ட் கடுமையான காரம். தோலை மெதுவாக அரிக்கும், எரிச்சல் தெரிவதற்குள் புண்ணாகியிருக்கும். ரப்பர் கையுறை போடுங்கள், முட்டி போட்டு உட்கார்ந்தால் துணி நனையாமல் பாருங்கள். மூட்டையைப் பிரிக்கும்போதும் காய்ந்த பொருளைத் தேய்க்கும்போதும் முகக்கவசம். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தைகளை இலை பொறுக்கவும், அச்சைத் தட்டவும், கோலி பதிக்கவும் சேர்த்துக்கொள்ளலாம். பதிப்பதென்றால் அவர்களுக்கும் கையுறை.

உடைந்த பொருளை ஒட்ட முடியுமா?

கழுத்தோ காலோ உடைந்தால் இரண்டு பக்கமும் துளை போட்டு ஒரு ஸ்டெயின்லெஸ் கம்பித் துண்டை எபாக்ஸி பசையில் பதித்துச் சேர்க்க வேண்டும். விளிம்பு பெயர்ந்திருந்தால் அந்த இடத்தை இரவு முழுக்க நனைத்து வைத்து, எஸ்பிஆர் திரவம் (பழைய சிமெண்டோடு புதியதை ஒட்ட வைக்கும் ரப்பர் திரவம்) கலந்த சிமெண்ட் பாலைத் தடவி, அது காய்வதற்குள் புதுக் கலவையை வைத்து அழுத்துங்கள். காய்ந்த பழைய சிமெண்ட்மேல் வைத்தால் புதுக் கலவையின் தண்ணீரை அது இழுத்துக்கொள்ளும், ஒட்டாது.

கடையில் வாங்குவதானால் எதைப் பார்க்க வேண்டும்?

விரல் கணுவால் தட்டுங்கள், கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசலோ வெற்றிடமோ இருக்கலாம். பெயிண்ட் படாத அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பொடி உதிர்ந்தால் நனைக்காமல் விற்பனைக்கு வைத்தது. கம்பி நுனி எங்காவது எட்டிப் பார்த்தால் வாங்க வேண்டாம்.

மிஞ்சிய கலவையை என்ன செய்வது?

சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் போய் இறுகிவிடும். ஆரம்பிக்கும் முன்பே எண்ணெய் தடவிய நான்கைந்து தயிர் டப்பாக்களை எடுத்து வைத்தால், மிஞ்சுவது குட்டிக் காளான்களுக்குத் தொப்பியாகும். பாண்டும் கரண்டியும் கழுவிய தண்ணீரை வாளியில் தெளிய விட்டு, அடியில் இறுகிய வண்டலை மறுநாள் தட்டி எடுத்துக் குப்பையில் போடுங்கள். மேல் தண்ணீரும் காரமானதுதான், செடிக்கு ஊற்ற வேண்டாம். நனைத்துக்கொண்டிருக்கும் பொருளின் கோணிமேல் அதைத் தெளித்துத் தீர்த்துவிடலாம்.